பதின்மூன்றாம் தொகுதி

வூப்பர்டாலில் மழை ஒரு செய்தி அல்ல.
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ரயில் போகும்,
அதுவும் இரண்டு கிழமையில் பழகிவிட்டது.
பழகாதது கட்டில்தான்.
அகதி விடுதி, மூன்றாம் மாடி, அறை இருபத்தேழு.
நாலு இரும்புக் கால்களில் ஒன்று குட்டை.
அப்பா புரளும்போதெல்லாம்
யாரோ கதவைத் தட்டுவதுபோல் தட்டும்,
அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவா.

வேண்டாத சாமான்களை ஊரார் தெருவில் வைக்கும்
ஒரு செவ்வாய்க்கிழமை
அப்பா ஒரு புத்தகம் தூக்கி வந்தார்.
பச்சைத் துணி அட்டை, முதுகில் பொன்னிறத்தில் 13.
கலைக்களஞ்சியம், இருபத்துநாலில் ஒன்று.
'எல்' எழுத்தில் தொடங்குகிற உலகம் மட்டும்.
பருமனை விரலால் அளந்தார்.
"சரியா இருக்கும்" என்று
குட்டைக் காலுக்குக் கீழே வைத்தார்.
அன்றிரவு எல்லோரும் நித்திரை கொண்டோம்.

எனக்கு ஒன்பது வயது.
வேலை செய்ய அனுமதி இல்லாத அப்பா
இரவு பத்துக்கு ஒரு பேக்கரிக்குப் போவார்,
விடிய ஐந்தரைக்கு மாவு மணக்க வருவார்.
ஏழரை மணித்தியாலம்.
ஏழரை என்றால் சனி என்பார்கள்,
எனக்கோ அது சுக்கிர திசை.
அம்மா தம்பியை அணைத்தபடி சுவர்ப்பக்கம் புரளும் நேரம் பார்த்து
மெல்ல உருவுவேன்.
கதவிடுக்கில் விழும் நடைபாதை வெளிச்சம்
ஒரு பக்கத்துக்குப் போதும்.

சிங்கம் இருந்தது; புலி வேறு தொகுதியில்.
பேன் இருந்தது, கலங்கரை விளக்கம் இருந்தது,
பருப்புக்கும் கண்ணாடி வில்லைக்கும் ஒரே சொல் இருந்தது.
பொய்க்குக்கூட அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு உப்புக் கேட்கத் தெரியாது,
தும்பியின் கண்ணுக்குள் எத்தனை கண் என்று தெரியும்.
யுத்தம் எனக்கு முந்தின தொகுதியில் முடிந்துவிட்டிருந்தது.

ஒரு நாள் லங்கா வந்தது.
பக்கத்தின் அடியில் ஒற்றை வரி:
ஓர் அம்புக்குறி, பிறகு சிலோன்.
அவ்வளவுதான்.
சிலோன் எந்த வீட்டுக் கட்டிலைத் தாங்கிக்கொண்டிருந்ததோ.

கட்டில்கால் பின்னட்டையில்
ஒரு ரூபாய்க் குற்றி அளவு குழி போட்டிருந்தது.
அது தாள் தாளாய் உள்ளே இறங்கி
நுரையீரல் படத்தின் இடப்பக்கம், கீழ் மடலில்
மங்கி நின்றது.
அது படத்தைச் சேர்ந்தது என்றே நினைத்திருந்தேன்.
எல்லோர் நெஞ்சிலும் அங்கே ஒரு வட்டம் இருக்கும் என்று
என் நெஞ்சைத் தடவியும் பார்த்திருக்கிறேன்.

விடுதியை விட்ட நாள்
புத்தகத்தை எடுக்கவா என்று கேட்டேன்.
அப்பா கட்டிலை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார்.
"வாற சனமும் படுக்க வேணுமே" என்றார்.

இப்போது பார்மனில் ஓர் ஆஸ்பத்திரியில்
நெஞ்சுப் படம் எடுக்கிறேன்.
நேற்று ஹெர் ராடமாஹர் வந்தார்,
நாடா ஆலையில் நாற்பது வருடம் நின்றவர்.
திரையில் இடப்பக்கம், கீழ் மடலில்,
குற்றி அளவில் ஒரு வட்டம்.
அந்தப் பக்கத்தை எனக்கு மனப்பாடம்.
"ஏதாவது தெரிகிறதா?" என்றார்.
"டாக்டர் சொல்லுவார்" என்றேன்.
நானும் ஓர் அம்புக்குறிதான்.

இன்னொரு படம், பக்கவாட்டில்.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், அசையாதீர்கள்.
அவர் அசையவில்லை.
அப்போதுதான் உறைத்தது,
ஒவ்வொரு இரவும் பத்தேகாலுக்குத் தவறாமல்
அம்மா ஏன் சுவர்ப்பக்கம் புரண்டா,
புரண்டபின், தட்டாத கட்டிலில்,
நான் வாசித்து முடிக்கும்வரை
எப்படி அப்படியே கிடந்தா என்று.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டார் ராடமாஹர்.